மதலேனம்மாள் துலக்கிய கிரீடம்

இண்டூருக்குத் தெற்கே நாற்பது வீடும் ஒரு மாதா கோயிலும் உள்ள ஊர் அது. அந்த ஊரில் மதலேனம்மாளின் வாய்க்குப் பயப்படாத ஆள் கிடையாது. கம்மலில் அழுக்கேற விட்டால் திட்டுவாள். அழுக்கெடுக்கிறேன் பேர்வழி என்று பல்பொடி போட்டுத் தேய்த்துக்கொண்டு வந்து நின்றாலோ, தெருமுனை வரைக்கும் கேட்கும்.

"ஏண்டி, பவுனைத் தேய்ச்சியா, பல்லைத் தேய்ச்சியா? கண்ணாடி மாதிரி இருந்த பொருளை இப்படிக் கீறிக்கிட்டு வந்து நிக்கறியே, கண்ணு அவிஞ்சா போச்சு உனக்கு?"

திட்டி முடித்த கையோடு அந்தக் கம்மலை வாங்கி முந்தானையில் முடிந்துகொள்வாள். "சரி, வெயில்ல வந்திருக்கே, உக்காந்து மோர் குடி" என்பாள். இதுதான் மதலேனம்மாள். ஊரில் கல்யாணம், ஞானஸ்நானம், திருநாள் எது வந்தாலும் பத்து நாள் முன்னாலேயே நகைகள் அவள் வீட்டுக்கு வந்துவிடும். ஒருத்தியிடமும் கூலி என்று அவள் கை நீட்டியதில்லை. யாராவது ஒரு படி நிலக்கடலை கொண்டுவந்து வைத்தால் வேண்டாம் என்றும் சொன்னதில்லை.

இந்த வித்தையை அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. தன் பொருளை நாசம் பண்ணித்தான் கற்றுக்கொண்டாள். கல்யாணமாகி வந்த வருஷம், தாய் வீட்டில் போட்டனுப்பிய ஒரே ஜோடி சிவப்புக்கல் கம்மலைக் கொதிக்கிற பூந்திக்கொட்டைத் தண்ணீரில் போட்டாள். சூடு அதிகமானால் அழுக்கும் அதிகம் போகும் என்று புத்தி சொன்னது. கல்லைப் பிடித்துக்கொண்டிருந்தது உள்ளே வைத்த அரக்கு என்று அந்தப் பதினெட்டு வயதுக்கு எப்படித் தெரியும்? அரக்கு உருகி, கற்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. பதறிப்போய்த் தண்ணீரைக் கொட்டியதில் இரண்டு கல் சாக்கடையோடு போயிற்று. மாமியார் வருஷக்கணக்கில் அவளை, "கம்மலை வேகவெச்சுத் தின்னவ" என்றுதான் கூப்பிட்டாள். மிச்சமிருந்த இரண்டு தங்கக் கூட்டையும் மதலேனம்மாள் ஒரு துணியில் முடிந்து பெட்டியின் அடியில் போட்டு வைத்தாள்.

அன்றிலிருந்து எந்த நகையைக் கையில் எடுத்தாலும் முதலில் திருப்பிப் பார்ப்பாள். கல் வைத்ததா, உள்ளே அரக்கு அடைத்ததா, முத்தும் பவளமும் கோத்ததா என்று பார்த்த பிறகுதான் தண்ணீர். சுத்தப் பவுன் என்றால் கை பொறுக்கிற வெதுவெதுப்பில் பூந்திக்கொட்டை நுரை. அதற்கான கொட்டையை மகள் பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து அனுப்புவாள். சித்தேரி மலையிலிருந்து இறங்குகிற கொட்டை, நுரை நன்றாக வரும். சந்து பொந்துகளுக்குக் கோழி இறகு. கல் வைத்த நகைக்கு நுரையில் நனைத்துப் பிழிந்த துணி மட்டும். முத்துக்கு ஈரத்துணியால் ஒரு துடைப்பு, அவ்வளவுதான். வேலை முழுக்க எனாமல் தட்டில், தட்டுக்கு அடியில் வெள்ளைத் துணி. அழுக்குத் தண்ணீரைக்கூட இன்னொரு துணியில் வடிகட்டித்தான் கொட்டுவாள். சாக்கடைக்குப் போன அந்த இரண்டு கல்லை அவள் சாகும்வரை மறக்கவில்லை.

புளி மட்டும் அவள் வீட்டு நகைத் தட்டுப் பக்கம் வரக்கூடாது. ஊரைச் சுற்றி எங்கே பார்த்தாலும் புளியமரம். குத்துவிளக்கிலிருந்து செம்புக்குடம் வரை அந்த ஊரில் எல்லாவற்றையும் தேய்ப்பது புளியால்தான். கை பழகிய பழக்கத்தில் கம்மலுக்கும் புளி போட வருகிறவர்களை அவள் உள்ளேயே விடமாட்டாள்.

இனி அந்தக் கிரீடத்துக்கு வருவோம். அதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

ஊரிலேயே பெரிய கை சவரிமுத்து. இரண்டு கிணறு, ஒரு பம்புசெட்டு, மாதத்துக்கு இரண்டு தடவை சேலம் போய்வருகிற தோரணை. கோயில் காரியம் எதுவானாலும் அவர் வார்த்தைதான். அறுபத்திரண்டாம் வருஷத் திருநாள் முடிந்த கையோடு அவர் எழுந்து நின்று சொன்னார்: "அடுத்த வருசம் நம்ம மாதா தலையில தங்கக் கிரீடம் ஏறணும். பொம்பளைங்க மனசு வெச்சா முடியும். ஆளுக்குக் கொஞ்சம் பவுன் குடுங்க. செய்கூலி என்னோடது."

பெண்கள் மனசு வைத்தார்கள். மனசு வைக்காமல் என்ன? ஒற்றையாய் மிஞ்சிய தோடு, திருகு போன மூக்குத்தி, செத்துப்போன குழந்தையின் மோதிரம். பெட்டியடியில் எதையெதை யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தார்களோ அதையெல்லாம் கொண்டுவந்து கொட்டினார்கள். மதலேனம்மாள் அந்த இரண்டு கம்மல் கூட்டையும் கொடுத்தாள். கொடுக்கும்போது அழுதாள். அவளிடம் இருந்த தாய்வீட்டுப் பவுன் அவ்வளவுதான்.

பவுனைச் சேலத்து ஆசாரியிடம் கொடுப்பதாகச் சொல்லிச் சவரிமுத்து வாங்கிப்போனார். அறுபத்துமூன்றில் கிரீடம் வந்தது. ஆறு இதழ் வைத்து, நடுவில் சிலுவை வைத்து, பார்த்தவர் கண்ணெல்லாம் கூசியது. அந்த வருஷத் தேர்ப்பவனியிலேயே ஒரு விபத்து. தெருத் திருப்பத்தில் புளியங்கிளை ஒன்று இடித்து, கிரீடம் கீழே விழுந்து, ஓர் இதழ் மடங்கிவிட்டது. ஊரே ஐயோ என்று அலறியது. சவரிமுத்து ஆளனுப்பிப் பம்புசெட்டிலிருந்து குறடு வரவழைத்து, எல்லோரும் பார்க்கத் தன் கையாலேயே இதழை நிமிர்த்தினார். இதழின் பின்பக்கம் குறட்டின் பல் நாலு கோடாகப் பதிந்துபோனது. மாதாவுக்குப் பட்ட காயம் என்று சொல்லிப் பெண்கள் அந்த நாலு கோட்டையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

கிரீடத்தைத் துலக்குகிற பொறுப்பைப் பழைய சாமியார் மதலேனம்மாளிடம் கொடுத்தார். வருஷா வருஷம் கொடியேற்றத்துக்கு முன்னால் அவள் கிரீடத்தைப் புது வேட்டியில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப்போவாள். பக்கத்து வீட்டு ராயம்மாள் துணைக்குக் கூடவே நடப்பாள். இரண்டு பேரும் செருப்பில்லாமல், வழியில் யாரோடும் பேசாமல் போவார்கள். வீட்டுக்குள் வந்து தட்டில் வைத்த பிறகுதான் மதலேனம்மாள் மூச்சு விடுவாள். கையில் தூக்கினால் கிரீடம் கொஞ்சம் லேசாகத்தான் இருந்தது. ஆனால் அவ்வளவு பெரிய பவுனை அவள் எந்தக் காலத்தில் தூக்கிப் பார்த்திருக்கிறாள், கனம் தெரிய?

அறுபத்தாறில் ஒருநாள் ஈரத்துணியால் துடைக்கும்போது அடி வளையத்தில் ஓரிடம் வெளுத்துத் தெரிந்தது. மாதாவின் தலையில் உராய்கிற இடம். விரலால் தடவிப் பார்த்தாள். நிறம் வேறாக இருந்தது. யாரிடமும் சொல்லாமல் நேரே சவரிமுத்துவின் கிணற்றடிக்குப் போனாள்.

"மாமா, சேலத்துல அந்த ஆசாரி உங்களை ஏமாத்திப்புட்டானோன்னு சந்தேகமா இருக்குதுங்க. ஓரத்துல வெளுக்குது."

சவரிமுத்து ஒரு நொடி அவளைப் பார்த்தார். பிறகு சிரித்தார். "ஏம்மா மதலேனா, உனக்கு விசயமே தெரியாதா? நாம கிரீடம் செஞ்ச வருசந்தான் கவர்மெண்டு தங்கக் கட்டுப்பாடு கொண்டாந்தான். பதினாலு கேரட்டுக்கு மேல எந்த ஆசாரியும் செய்யக்கூடாதுன்னு சட்டம். பதினாலு கேரட்டுன்னா கலப்பு ஜாஸ்தி, வெளுக்கத்தான் செய்யும். இதை வெளியில சொல்லி, மாதா தலையில இருக்கறது மட்டமான பவுனுன்னு ஊர்ல பேசவா? கேவலம் யாருக்கு? நீ பாட்டுக்குப் பதமா தொடைச்சு வெச்சுடு."

சட்டம் வந்தது உண்மை. அவளே முந்தின வருஷம் தன் மகள் கல்யாணத்துக்குப் பதினாலு கேரட்டில்தான் தோடு வாங்கினாள். அதனால் நம்பினாள். நம்பியது மட்டுமில்லை, அந்த வருஷத்திலிருந்து கிரீடத்துக்கு நுரையைக்கூட நிறுத்திவிட்டாள். ஈரத் துணி, பிறகு உலர்ந்த துணி, இதழ் இடுக்கில் கோழி இறகு. கைக்குழந்தையைக்கூட அவள் அவ்வளவு பதமாகத் துடைத்ததில்லை. மாதாவின் மானம் தன் விரல் நுனியில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள், பைத்தியக்காரி.

எழுபத்தொன்று ஆகஸ்டில் மகளுக்குப் பாப்பிரெட்டிப்பட்டியில் பிரசவம். மதலேனம்மாள் மூன்று வாரம் அங்கேயே இருந்துவிட்டாள். கொடியேற்றம் நெருங்கியது. ஜூனில்தான் மாற்றலாகி வந்திருந்த இளவட்டச் சாமியாருக்கு இந்த ஏற்பாடெல்லாம் தெரியாது. கிரீடம் மங்கலாயிருக்கிறதே என்று கோயில்பிள்ளையின் பெண்டாட்டி லூர்துமேரியிடம் கொடுத்தார். கோயிலைக் கூட்டி, மணியடித்து, விளக்கு துலக்குகிற குடும்பம் அது. லூர்துமேரி விளக்கைத் துலக்குகிற மாதிரியே துலக்கினாள். ஒரு கை புளி, இரண்டு கை செங்கல்பொடி, தேங்காய் நார். நல்ல மனசோடுதான் செய்தாள். தேய்த்து, அரைகுறையாய்க் கழுவி, மாதா தலையில் வைத்தாள்.

மூன்றாம் நாள் கிரீடத்தில் பச்சைக் களிம்பு பூத்தது.

தங்கத்தில் களிம்பு பூக்காது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஊர் கூடியது. "இது பித்தளைடா" என்று யாரோ சொன்னார்கள். அடுத்த வார்த்தை சவரிமுத்துவிடமிருந்து வந்தது.

"பவுன் கிரீடம் எப்படிப் பித்தளை ஆச்சு? எட்டு வருசமா இதை வேட்டியில சுத்தி வூட்டுக்குத் தூக்கிட்டுப் போனது யாரு?"

மதலேனம்மாள் பஸ்ஸை விட்டிறங்கி, பேத்தி பிறந்த சந்தோஷத்தில் கையில் மிட்டாய்ப் பொட்டலத்தோடு தெருவுக்குள் நுழைந்தபோது அவள் வீட்டு வாசலில் கூட்டம் நின்றது. சவரிமுத்துவும் இன்னும் நாலு பேரும் உள்ளே இருந்தார்கள். அவள் பெட்டி முற்றத்தில் கவிழ்ந்து கிடந்தது. கல்யாணச் சேலை மண்ணில். பானைகளைக் கவிழ்த்துக் கேழ்வரகில் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்கள். பூந்திக்கொட்டை மூட்டையை ஒருவன் அவிழ்த்து உதறினான். கொட்டைகள் தெரு வரைக்கும் உருண்டன.

அவள் புருஷன் ஞானராஜ் வேப்பமரத்தடியில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு குந்தியிருந்தான்.

"என்னத்தைத் தேடறாங்க?" என்று கேட்டாள்.

"கிரீடத்தை மாத்திப்புட்டேன்னு சொல்றாங்க" என்றான்.

"அதைக் கேட்டுக்கிட்டுக் குந்திக்கிட்டிருக்கியா? வாயில என்ன, மண்ணா?"

அவன் நிலத்துக்குத் தண்ணீர் சவரிமுத்துவின் கிணற்றிலிருந்து வருகிறது. அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் அவளுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. மிட்டாய்ப் பொட்டலத்தைத் தூக்கி வாசலில் அடித்தாள்.

ஒன்றும் கிடைக்காமல் அவர்கள் வெளியே வந்தார்கள். "வித்துத் தின்னிருப்பா. மக கல்யாணம் எப்படி நடந்துச்சாம்?" என்று சொல்லிக்கொண்டே சவரிமுத்து அவளைத் தாண்டிப் போனார். கிணற்றடியில் சிரித்த அதே முகம். எட்டிப் பிடித்து அந்த முகத்தைக் கீறவேண்டும்போல் இருந்தது அவளுக்கு.

அதையும் தாங்கியிருப்பாள். தாங்க முடியாமல் போனது ராயம்மாள் வந்தபோதுதான். மகளின் பிரசவத்துக்கு இவள் கிளம்பும் முன்னால் ராயம்மாள் தன் செயினைத் துலக்கக் கொடுத்திருந்தாள், மெல்லிய தங்கச் சிலுவை கோத்த செயின். அது மதலேனம்மாளின் முந்தானை முடிச்சிலேயே பத்திரமாக இருந்தது.

"தொலக்கனது போதும், குடுத்துடு" என்றாள் ராயம்மாள், முகத்தைப் பார்க்காமல்.

மதலேனம்மாள் அவிழ்த்துக் கொடுத்தாள். ராயம்மாள் அங்கேயே நின்று, அந்தச் சிலுவையை வாயில் வைத்துக் கடித்துப் பார்த்தாள். எட்டு வருஷம் வெறுங்காலோடு கூட நடந்த ராயம்மாள், பவுன்தானா என்று கடித்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அன்று சாயங்காலத்துக்குள் துலக்கக் கொடுத்திருந்த எல்லாரும் வந்து அதே முடிச்சிலிருந்து வாங்கிப் போனார்கள்.

மறுநாள் காலைப் பூசையில் சாமியார் பேர் சொல்லாமல் சொன்னார்: "மாதாவின் பொருளை எடுத்தவர்கள் யாராயிருந்தாலும் கொடியேற்றத்துக்குள் கொண்டுவந்து வைத்துவிட வேண்டும்." கோயிலில் இருந்த தலை அத்தனையும் அவள் பக்கம் திரும்பியது.

வீட்டுக்கு வந்து, தெருவில் சிதறிய பூந்திக்கொட்டைகளைப் பொறுக்க உட்கார்ந்தாள். பொறுக்கப் பொறுக்கப் புத்தி தெளிந்தது. மகளுக்கு வாங்கிய பதினாலு கேரட் தோடு. ஆறு வருஷமாய்க் குளியலிலும் அடுப்படியிலும் அவள் காதிலேயே கிடக்கிறது. நேற்றுக்கூடப் பார்த்தாள். களிம்பு ஏறியதா? இல்லை. பதினாலு கேரட்டானாலும் அது இப்படித் தேய்ந்து பித்தளை ஆகுமா? ஆகாது. அப்படியானால் அது முதலிலிருந்தே முலாம். ஆசாரி ஏமாற்றவில்லை, அன்றைக்குக் கிணற்றடியில் அந்த ஆள் ஒரு நொடி முழித்த முழி இருக்கிறதே, அது ஏமாந்தவன் முழி இல்லை.

நாற்பது வீட்டுப் பெண்களின் பவுன். செத்த குழந்தையின் மோதிரம். அவளுடைய இரண்டு கம்மல் கூடு.

"அடப் பாவி" என்றாள் வாய்விட்டு. உடனே இன்னொன்றும் உறைத்தது. ஈரத் துணியும் கோழி இறகுமாய் அந்த முலாம் உரியாமல் பார்த்துக்கொண்டது யார்? வேறு யாரிடம் போயிருந்தாலும் முதல் வருஷமே குட்டு உடைந்திருக்கும். "அவன் திருடுனான். எட்டு வருசம் அதைப் பளபளன்னு வெச்சிருந்தது நான்" என்று சொல்லித் தலையில் அடித்துக்கொண்டாள். கையிலிருந்த கொட்டைகள் திரும்பச் சிதறின. இந்தத் தடவை அவள் பொறுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சனம் கலையும் முன்னால் மதலேனம்மாள் எழுந்து பீடத்துக்கு அருகே போனாள். பவுனைக் கொண்டுவந்துவிட்டாள் என்று நினைத்து எல்லோரும் அப்படியே நின்றார்கள்.

"சாமி, அந்தக் கிரீடத்தை என் கையில குடுங்க."

சாமியார் தயங்கிக் கொடுத்தார். அவள் அதைத் திருப்பி, ஓர் இதழின் பின்பக்கத்தைத் தூக்கிக் காட்டினாள்.

"லூர்து, இங்க வா. இது என்னன்னு சொல்லு."

லூர்துமேரி வந்து பார்த்தாள். "கொறடு பட்ட தழும்புக்கா. மாதாவுக்குப் பட்ட காயம். தேய்க்கறப்பவே பாத்தேன், நாலு கோடும் அப்படியேதான் இருந்துச்சு."

"எல்லாரும் வந்து பாருங்க. கண்ணுல ஒத்திக்கிட்டவங்கதானே? இது வேற கிரீடமா? மொத வருசம் கீழ விழுந்த கிரீடம் இது. கொறடு புடிச்ச கை அதோ நிக்குது. நான் மாத்தியிருந்தா இந்தத் தழும்பு எப்படி இதுல வந்துச்சு? அன்னிக்கு விழுந்ததும் பித்தளைதான், இன்னிக்கு இருக்கறதும் பித்தளைதான். நாங்க குடுத்த பவுனு எங்க மாமா?"

ஒருவர் பின் ஒருவராகப் பெண்கள் வந்து இதழைத் தொட்டுப் பார்த்தார்கள். ராயம்மாளும் வந்தாள். தொட்ட விரலை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றாள். எல்லாக் கண்ணும் சவரிமுத்துவின் மேல் இருந்தது. அவர் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஆசாரி... ஆசாரி ஏமாத்தியிருப்பான். எனக்கென்ன தெரியும்?"

"அறுவத்தாறுல கெணத்தடிக்கு வந்து அதைத்தானே நான் கேட்டேன்? பதினாலு கேரட்டுன்னு சட்டம் பேசனது யாரு?"

அப்போதாவது யாராவது ஒருவர், ஒரே ஒருவர், அந்த ஆளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவள் பெட்டியைக் கவிழ்த்த நாலு பேரும் அங்கேதான் நின்றார்கள். சவரிமுத்து வீட்டுப் பெட்டியைக் கவிழ்க்கலாம் என்று ஒருத்தன் வாயிலும் வரவில்லை. சாமியார் தொண்டையைச் செருமினார்.

"சரிம்மா. உங்க மேல தப்பில்லைன்னு தெரிஞ்சுபோச்சு. நாளைக்குக் கொடியேத்தம். திருநாள் நேரத்துல சண்டை சச்சரவு வேண்டாம், இதோட விட்டுடுவோம். ஐயா தன் செலவுல திரும்ப முலாம் போட்டுக் குடுத்துடுவாரு. இந்த வருஷத்துக்கு ஒரு வழியாச் சமாளிக்கலாம். நீங்களே எடுத்துட்டுப் போய், பழையபடி பதமாத் துடைச்சுக் கொண்டாந்துடுங்க."

விட்டுவிடுவோமாம்! அவள் கள்ளி என்று நினைத்தபோது விடவில்லை. பீடத்தில் ஏறி நின்று பேசினார்கள். இப்போது விட்டுவிடுவோம். அதுவும் அவளே துடைத்துக் கொடுக்கவேண்டுமாம், பழையபடி, பதமாக!

மதலேனம்மாள் ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்ததை ஊர் முதல் தடவையாகப் பார்த்தது. கிரீடத்தோடு கோயிலை விட்டு வெளியே வந்து, கோயில் கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்தாள்.

"லூர்து, அன்னிக்குப் போட்ட புளி மிச்சம் இருக்குதா?"

"இருக்குதுக்கா."

"கொண்டா. செங்கப்பொடியும் நாரும் கொண்டா."

லூர்துமேரி ஓடினாள். ஊர் முழுக்கக் கிணற்றைச் சுற்றி நின்றது. புளி வந்தது. தன் வீட்டுத் தட்டுப் பக்கம் முப்பது வருஷமாய் அண்டவிடாத புளியை மதலேனம்மாள் கை நிறைய அள்ளிக் கிரீடத்தின் மேல் அப்பினாள். நாரை எடுத்தாள். தேய்க்க ஆரம்பித்தாள்.

"ஏய், நிறுத்து!" என்று சவரிமுத்து கத்தினார். "இருக்கற கொஞ்சமும் போயிடும்!"

"ஏன் மாமா பயப்படறீங்க? பவுனுன்னா புளிக்குப் போவாதுங்க. தைரியமா நில்லுங்க."

அவர் நிற்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனார். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தேய்த்தாள். ஆறு இதழ், ஆறு இதழின் இடுக்கு, சிலுவையின் கைகள். எந்த இடுக்கில் கோழி இறகு விட்டு எட்டு வருஷம் முலாமைக் காப்பாற்றினாளோ அந்த இடுக்கில் நாரை முறுக்கி விட்டுத் தேய்த்தாள். தேய்க்கும்போதே கண்ணீர் வந்தது. துடைக்கக் கை ஒழியவில்லை. மினுக்கம் ஒரு பொட்டு மிச்சமில்லாமல் போகும்வரை விடவில்லை. பிறகு நாலு குடம் தண்ணீர் விட்டு அலசி, சேலையால் ஈரமில்லாமல் துடைத்துச் சாமியார் கையில் கொடுத்தாள்.

"இந்தாங்க சாமி. இதுதான் மாதாவோட கிரீடம், பித்தளைக் கிரீடம். இதுக்கு முலாம் போட்டீங்கன்னா திரும்பப் புளியோட வருவேன். இனிமே இதைத் தொலக்க நான் வேணாம். யாரு வேணாலும் வாராவாரம் புளி போட்டுத் தேய்க்கலாம்."

மறுநாள் கொடியேறியது. மாதா தலையில் பித்தளைதான் இருந்தது. அடுத்த வருஷத்துக்கு வெள்ளியில் செய்து தருகிறேன் என்று சவரிமுத்து சொல்லியனுப்பினார். அதற்குப் பெண்கள் ஒருத்தி பாக்கியில்லாமல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவ்வளவுக்காவது அவர்களுக்கு வாய் வந்தது. பவுன் மட்டும் திரும்பி வரவேயில்லை.

அந்தத் திருநாள் கழிந்த அடுத்த மாதம் ராயம்மாள் மதலேனம்மாள் வீட்டுக்கு வந்தாள். வாசற்படிக்குக் கீழேயே நின்றாள். கையில் அந்தச் சிலுவைச் செயின்.

"மதலேனா, தங்கச்சி மவளுக்குக் கல்யாணம் வருது. இதைக் கொஞ்சம்..."

"நான் தொலக்க மாட்டேன்" என்றாள் மதலேனம்மாள். "ஒருத்தர் பொருளும் இனிமே என் வூட்டு வாசப்படி தாண்டாது. கொட்டை தரேன், உன் வூட்ல, உன் கண்ணு முன்னால நீயே தொலக்கிக்க."

உள்ளே போய்ப் பத்துப் பூந்திக்கொட்டையும் ஒரு கோழி இறகும் கொண்டுவந்து அவள் கையில் திணித்தாள். ராயம்மாள் போகாமல் நின்றாள்.

"கோவம் இன்னும் போவலியா உனக்கு?"

"தண்ணி வெதுவெதுன்னு இருக்கணும், கொதிக்கக்கூடாது" என்றாள் மதலேனம்மாள். "இறகால மெதுவா தேய்ச்சா அழுக்கெல்லாம் போயிடும். அந்தச் சிலுவையில நீ கடிச்ச பல்லுத் தடம் இருக்கு பாரு, அது போவாது. அதைப் போட்டுத் தேய்ச்சுக்கிட்டு இருக்காதே."